17பி மெமோ வந்தால் என்ன செய்வது: பழைய ‘ஏ’ செக்‌ஷன்காரன் சொல்வது

17பி மெமோ என்றால் அரசு ஊழியர் மேல் பெரிய தண்டனைக்கு வழிவைக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வந்தால் முதலில் அதை வாங்குங்கள். வாங்க மறுத்ததால் நின்றுபோன நடவடிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தபால்காரரிடம் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுக் கண்டனூரில் மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்த ஒருவரைத் தெரியும். பதிவுத் தபால் திரும்பிப் போனது. அடுத்த வாரமே அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, மெமோவை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டியதாக ஓர் அறிக்கையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான், சார்வு செய்ததாக, அதாவது உரியவரிடம் சேர்த்ததாக, ஆகிவிட்டது. பழைய செட்டியார் வீட்டுத் தேக்குக் கதவு அது; இவர் குடக்கூலிக்கு இருந்தவர். மெமோவுக்குப் பதில் சொன்னாரோ இல்லையோ, பசைக் கறைக்கு வீட்டுக்கார ஆச்சியிடம் பதில் சொல்லி மாளவில்லை.

வாங்கும்போது சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். கையெழுத்துக்குக் கீழே தேதியும் எத்தனை பக்கம் என்பதும் எழுதுங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணையோடு வழக்கமாக நான்கு இணைப்புகள் இருக்கும்: குற்றச்சாட்டு, அதற்கு அடிப்படையான விவரங்கள், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல். ஏதாவது ஒன்று குறைந்தால் ஒப்புகையிலேயே “இணைப்பு 3 கிடைக்கப்பெறவில்லை” என்று எழுதிவிடுங்கள். பின்னால் ஆயிரம் மனு போடுவதைவிட அந்த ஒரு வரிக்குப் பலம் அதிகம்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி ‘ஏ’ செக்‌ஷன்தான்; அதாவது நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், மெமோ எல்லாம். எத்தனையோ பேருக்கு 17பி வரைவு எழுதிய கை இது. எழுதும்போது எங்கே அவசரப்படுவோம், எங்கே பழைய ஃபைலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவோம் என்று நன்றாகத் தெரியும். இப்போது காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் இருக்கிறேன். சாயங்காலம் யாராவது ஒருவர் பழுப்பு உறையோடு வந்து நிற்பார். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல் இல்லை நான். வக்கீலிடம் போகும் முன்பு செய்ய வேண்டியவைதான் எனக்குத் தெரிந்தவை. ஆனால் பெரும்பாலான ஃபைல்களின் தலைவிதி அந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று. இது தமிழ்நாடு அரசு ஊழியருக்கானது. சிக்ரியில் (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்ப்பவர் என்றால் உங்களுக்கு மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகள். அங்கே பெரிய தண்டனைக்கு விதி 14, சிறிய தண்டனைக்கு விதி 16. காவல் துறையில் கீழ்நிலைப் பணியாளருக்குத் தனி விதிகள். 3ஏ, 3பி என்பார்கள். போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் எல்லாம் வேறு. அடிப்படை நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாலும், எண் தப்பாக எழுதிய பதிலைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் மேல் மதிப்புக் குறையும்.

எந்த எண் என்று பாருங்கள்

தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955. இதில் விதி 17தான் எல்லாம். 17ஏ என்றால் சிறிய தண்டனைக்கான வழி: கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்றவை. விளக்கம் வாங்கிக்கொண்டு, விசாரணை இல்லாமலேயே உத்தரவு போடலாம். 17பி என்றால் பெரியது: பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு (டிஸ்மிஸ்) வரை போகும். அதற்கு முறைப்படி விசாரணை வேண்டும். 17இ (ஆங்கில எழுத்து E) என்பது சஸ்பென்ஷன். தமிழில் அடித்த குறிப்பாணையில் 17(அ), 17(ஆ), 17(உ) என்று இருக்கும், பயந்துவிடாதீர்கள், அதே மூன்றுதான்.

17ஏ தானே என்று அலட்சியமாகப் பதில் எழுதுகிறவர்கள் அதிகம். கண்டனம் சம்பளத்தைத் தொடாது, உண்மை. ஆனால் பதவி உயர்வுப் பட்டியல் எழுதும்போது பின்னோக்கிப் பார்ப்பார்கள். ஊதிய உயர்வு நிறுத்தம் ‘குமுலேட்டிவ்’ இல்லாமல் என்றால் தண்டனைக் காலம் முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ‘குமுலேட்டிவ்’ என்றால் அந்த இழப்பு ஓய்வூதியம் வரை கூடவே வரும். அதனால்தான் அதை விசாரணை இல்லாமல் விதிக்கக் கூடாது என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 17ஏ மெமோ கொடுத்துவிட்டுக் கடைசியில் ‘குமுலேட்டிவ்’ போட்ட உத்தரவு கைக்கு வந்தால் அந்த ஒரு காரணமே மேல்முறையீட்டுக்குப் போதும்.

உங்கள் நாற்காலி எப்படிப்பட்டது

பதில் எழுதும் முன்பு உங்கள் நியமன ஆணையையும் பணிப்பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தங்கள் நியமன அதிகாரி யார் என்றே தெரியாது! அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் பிரிவு இரண்டு காப்பு தருகிறது. உங்களை நியமித்தவருக்குக் கீழான அதிகாரி உங்களைப் பணியிலிருந்து நீக்க முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, உங்கள் தரப்பைக் கேட்காமலும் நீக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலருக்கு நியமன அதிகாரி கோட்டாட்சியர் என்றால், தாசில்தார் கையெழுத்தில் பணிநீக்கம் வந்தால் அது செல்லாது. ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, “மெமோ கொடுத்தவர் சின்ன அதிகாரி, ஆகவே மெமோவே செல்லாது” என்று எழுதாதீர்கள். மெமோ கொடுப்பது வேறு, நீக்குவது வேறு. தவசியப்பன் வழக்கில் 1996-லேயே, அதுவும் நம் தமிழ்நாட்டுப் போலீஸ் விஷயத்தில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களின் நிலை கொஞ்சம் நெளிவானது. வேலை திருப்தியில்லை என்று சாதாரணமாக விடுவித்தால் 311 வராது. அதே உத்தரவில் “கையாடல் செய்ததால்” என்று ஒரு வார்த்தை இருந்தால், அல்லது பின்னால் அதுதான் காரணம் என்று ஃபைல் காட்டினால், அது தண்டனை; விசாரணை வேண்டும். 1957-இல் திங்ரா வழக்கில் தொடங்கிய கோடு இது. இங்கே நான் ஒன்று கேட்பேன்: இரண்டு வருடம் முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் தகுதிகாண் பருவம் முடித்த ஆணையை ஏன் வாங்காமல் இருக்கிறீர்கள்? எந்த அலுவலகத்திலும் அந்த ஃபைல் தானாக நகராது. நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். டென்-ஏ-ஒன் என்று தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் 311-ஐ நம்பிப் பெரிதாகக் கனவு காண வேண்டாம். 2006-இல் உமாதேவி தீர்ப்புக்குப் பிறகு நிரந்தரம் கேட்கும் கதவும் பெரும்பாலும் மூடியாயிற்று. ஆனாலும் பெயரைக் கெடுக்கிற உத்தரவு என்றால் அவர்களும் கேள்வி கேட்கலாம்.

பதினைந்து நாள்

பெரும்பாலான மெமோவில் விளக்கம் கொடுக்கப் பதினைந்து நாள் இருக்கும். அதில் முதல் பத்து நாள் அழுது தீர்ந்துவிடும், பதினோராம் நாள் சங்கத் தலைவரைப் பார்ப்பார்கள், பதினான்காம் நாள் இரவு என் வீட்டுக்கு வருவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டாம் நாளே ஒரு கடிதம் போக வேண்டும். அது விளக்கம் அல்ல, ஆவணம் கேட்கும் கடிதம். இணைப்பு 3-இல் உள்ள ஆவணங்களின் நகல். முதல்நிலை விசாரணை நடந்திருந்தால் அதில் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் உங்கள் தரப்புக்குத் தேவையான கோப்புகளைப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க அனுமதி. அதுவரை விளக்கம் அளிக்கக் கால நீட்டிப்பு. ஒவ்வொரு ஆவணமும் எதற்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். சும்மா இருபது ஃபைல் கேட்டால் இழுத்தடிக்கிறான் என்பார்கள். வாக்குமூல நகல் கொடுக்காமல் நடத்திய விசாரணையை 1986-இல் காசிநாத் தீட்சிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருந்தால்தான் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவும்.

சான்று என்றால்? நம் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் இன்னார் இன்னாருக்குக் கொடுத்தது என்று பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போய், பாத்திரம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு வந்தாலும் பெயர் அப்படியே இருக்கும். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் தபால் செக்‌ஷன் முத்திரையும் தேதியும் அப்படி இருக்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் வாதாடாதீர்கள். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்; பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது. “சார் கையிலேயே கொடுத்தேன், வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார்” என்பதெல்லாம் கணக்கில் வராது.

விளக்கம் எழுதுவது

ஒரு கேஸைச் சொல்கிறேன். ஆள், ஊர் வேண்டாம். செட்டிநாட்டில் ஒரு கிராமம். பெரிய வீடு, எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம். பெரியவர் ஒருவர் இறந்து, வாரிசுச் சான்று கேட்டு மனு வந்தது. மனுவில் வாரிசு மூன்று பேர். கிராம நிர்வாக அலுவலரும் மூன்று என்றே அறிக்கை கொடுத்தார். சான்று போய், அதை வைத்து வீட்டில் ஒரு பங்கும் கைமாறிய பிறகு, பினாங்கிலிருந்து நான்காவது வாரிசு, ஒரு மகள், புகார் அனுப்பினார். கிராம நிர்வாக அலுவலருக்கு 17பி. குற்றச்சாட்டு இப்படி: “முறையாக விசாரணை செய்யாமல் தவறான அறிக்கை அளித்து அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தியுள்ளார்.” இரண்டாவது குற்றச்சாட்டு வழக்கமான ஒட்டு: “இதன் மூலம் நடத்தை விதி 20-ஐ மீறியுள்ளார்.” அந்த விதி கடமையில் நேர்மையும் ஈடுபாடும் வேண்டும் என்பது; எதையும் அதில் அடைக்கலாம், அதனால் நாங்கள் எல்லா மெமோவிலும் அதை அடைப்போம்.

அவர் எழுதிக்கொண்டு வந்த பதில் நான்கு பக்கம். இத்தனை வருடம் நேர்மையாக இருந்தது, கூடுதல் பொறுப்பாக இன்னொரு கிராமம் பார்த்தது, மேலே இருந்து சீக்கிரம் அனுப்பு என்று போன் வந்தது, மனைவிக்கு உடம்பு சரியில்லாதது எல்லாம் இருந்தது. கடைசி வரி: “தெரியாமல் நடந்த தவறை மன்னித்து…”

“சார், உண்மையைத்தானே எழுதியிருக்கேன்?” என்றார்.

“தவறுன்னு நீங்களே எழுதிட்டீங்களே. அப்புறம் விசாரணை எதுக்கு?” என்றேன்.

உண்மையாகவே தவறு செய்திருந்தால், சின்னத் தவறாக இருந்தால், ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை கேட்பதும் ஒரு வழிதான். 17ஏ-யில் நானே அதைச் சொல்வேன். ஆனால் 17பி-யில் ‘மன்னிக்கவும்’ என்பது ஒப்புதல் வாக்குமூலம். ஒப்புக்கொண்டதை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பிறகு ஃபைலைப் பார்வையிட்டுவிட்டு வரச் சொன்னேன். அதில் என்ன இருந்தது? மனுதாரர் மூன்றே வாரிசு என்று போட்ட உறுதிமொழிப் பத்திரம். அக்கம்பக்கத்தார் இருவரின் வாக்குமூலம், கிராம நிர்வாக அலுவலர் எடுத்தது. அறிக்கைக்குக் கீழே வருவாய் ஆய்வாளர் “நேரில் விசாரித்தேன், சரி” என்று எழுதிப் போட்ட கையெழுத்து. நான்கு பக்கம் போய் ஒரு பக்கம் ஆனது:

“குற்றச்சாட்டு 1-ஐ மறுக்கிறேன். மனுதாரரின் உறுதிமொழிப் பத்திரத்தில் வாரிசுகள் மூவர் என்றே உள்ளது. அக்கம்பக்கத்தார் இருவரின் வாக்குமூலம் பெற்று அறிக்கையுடன் இணைத்துள்ளேன். நான்காவது வாரிசு பற்றிய எந்த ஆவணமும் அப்போது என் முன் வைக்கப்படவில்லை. என் விசாரணை எந்த வகையில் முறையற்றது என்பது குற்றச்சாட்டில் கூறப்படவில்லை. குற்றச்சாட்டு 2, முதல் குற்றச்சாட்டைச் சார்ந்தது என்பதால் அதையும் மறுக்கிறேன். வாய்மொழி விசாரணை கோருகிறேன்.”

கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்கப்பட்டால் போதுமா என்று மெமோவிலேயே கேட்டிருப்பார்கள். பதில் சொல்லாமல் விட்டால் உங்கள் வாய்ப்பை நீங்களே சுருக்கிக்கொள்கிறீர்கள். பதிலில் யாரையும் திட்டாதீர்கள். “என்னைவிடப் பெரிய தப்பு செய்த இன்னாரை விட்டுவிட்டார்கள்” என்பது உங்களைக் காப்பாற்றாது. இன்னாரை உங்கள் எதிரியாக்கும். நாளைக்கு அவரே சாட்சியாக வந்து உட்கார்ந்தாலும் உட்காருவார்.

தாமதத்தையும் பாருங்கள். பழைய சம்பவத்துக்கு இப்போது மெமோ வந்திருந்தால் நடுவில் எத்தனை வருடம், ஏன் என்று கேளுங்கள். 1990-இல் நடந்ததாகச் சொன்னதற்கு 2000-இல் மெமோ கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2005-இல் ரத்து செய்தது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் பொறியாளர் பி.வி.மகாதேவன் வழக்கு அது.

விசாரணை நாள்

விசாரணை அலுவலர் நீதிபதி மாதிரி உட்கார வேண்டும், துறையின் வக்கீல் மாதிரி அல்ல. 2010-இல் சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் இதையே சொன்னார்கள். நீங்கள் வராவிட்டாலும்கூட சாட்சியையும் ஆவணத்தையும் வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் நடப்பது என்ன தெரியுமா? பல இடங்களில் சாட்சியே கிடையாது. ஊழியரை உட்காரவைத்து, “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று பத்துக் கேள்வி கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்து வாங்கி, “குற்றச்சாட்டு நிரூபணமாகிறது” என்று முடித்துவிடுவார்கள். அது விசாரணை இல்லை. “துறைத் தரப்புச் சாட்சிகளை முதலில் விசாரித்து, எனக்குக் குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பளிக்கக் கோருகிறேன்” என்று அங்கேயே எழுதிக் கொடுங்கள். ஆவணத்தைச் சும்மா ஃபைலில் கோத்து வைத்தால் நிரூபணம் ஆகிவிடாது; அதைச் சொல்ல ஆள் வர வேண்டும் என்பதை ரூப் சிங் நேகி வழக்கு, 2008, உறுதியாகச் சொல்கிறது.

வக்கீலை உரிமையாகக் கேட்க முடியாது. எதிர்த்தரப்பில் சட்டம் படித்தவரை நிறுத்தியிருந்தால் கேட்கலாம், நியாயம் உங்கள் பக்கம். இல்லையென்றால் விவரம் தெரிந்த சக ஊழியர் ஒருவரின் உதவிக்கு அனுமதி கேட்டு எழுதிப் பாருங்கள்.

குறுக்கு விசாரணையில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகவும், பதில் ஏற்கெனவே தாளில் இருக்கும் கேள்வியாகவும் கேளுங்கள். நான் சொன்ன கேஸில் வருவாய் ஆய்வாளர் துறைத் தரப்புச் சாட்சி. கேட்கச் சொன்னது இரண்டே கேள்வி. இந்தக் கையெழுத்து உங்களுடையதா? அதற்கு மேல் ‘நேரில் விசாரித்தேன்’ என்று எழுதியது நீங்களா? இரண்டுக்கும் ஆமாம். மூன்றாவதாக, “அப்புறம் எனக்கு மட்டும் ஏன் மெமோ?” என்று கேட்கத் துடித்தாராம், நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நல்ல காரியம் செய்தார். கேட்டிருந்தால், “எனக்கு இவர்தான் மூன்று பேர் என்று சொன்னார்” என்று பதில் வந்து, கிடைத்ததும் போயிருக்கும்.

அன்றைய நடவடிக்கைத் தாளில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சொன்னது வேறு, எழுதியது வேறு என்றால் கையெழுத்துக்கு மேலே அதைக் குறியுங்கள். நகல் கேளுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படிக்காமல் போட்ட கையெழுத்துகளால் போன வேலைகள் உண்டு.

அறிக்கை வந்த பிறகு

விசாரணை அறிக்கையின் நகலை உங்களுக்குக் கொடுத்து, உங்கள் மேல் விளக்கத்தை வாங்காமல் தண்டிக்கக் கூடாது. 1993-இல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வே சொன்னது. அறிக்கையில் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று வந்துவிட்டால் கல்கண்டு வாங்கி வீட்டுக்குப் போக வேண்டாம். தண்டிக்கும் அதிகாரி அதிலிருந்து மாறுபடலாம். ஆனால் ஏன் மாறுபடுகிறார் என்ற காரணத்தை உங்களுக்கு எழுதிக் கொடுத்து, அதற்கும் பதில் கேட்க வேண்டும். 1998, குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கு. மேல் விளக்கத்தில் கதையை முதலிலிருந்து சொல்லாதீர்கள். அறிக்கையின் எந்தப் பத்தி எந்தச் சாட்சியத்துக்கு மாறாக இருக்கிறது என்று பத்தி எண் போட்டு எழுதுங்கள்.

வாரிசுச் சான்று கேஸ் கடைசியில் கண்டனத்தோடு முடிந்தது. அதுவும் தேவையில்லை என்பது அவர் கட்சி. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். வேண்டாம் என்று விட்டுவிட்டார். அடுத்த பட்டியலில் பெயர் தள்ளிப்போனது. அது அவர் முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு பக்கப் பதிலோடு போயிருந்தால் கதை இங்கே நின்றிருக்காது.

மேல்முறையீடு செய்வதென்றால் கெடு பொதுவாக இரண்டு மாதம். யாருக்கு என்பது உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கும். இல்லாவிட்டால் அதையும் எழுதிக் கேளுங்கள். உரிய வழியாக அனுப்புங்கள், முன்நகல் ஒன்றை நேரடியாகவும் அனுப்புங்கள். பதில் வராமல் கிடந்தால் நினைவூட்டு அனுப்புங்கள், அதற்கும் முத்திரை.

மதுரைக்கு எப்போது

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இல் வந்தது நமக்குப் பெரிய வசதி. திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் மாட்டுத்தாவணி வரை போக வேண்டாம், ஒத்தக்கடை தாண்டியதும் இறங்கிக்கொள்ளலாம். வசதியாக இருக்கிறது என்பதற்காக மெமோ கையில் வந்த மறுநாளே ஓடாதீர்கள். மெமோ என்பது கேள்விதான், தண்டனை இல்லை. அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்பது 2006-இல் குனிசெட்டி சத்தியநாராயணா வழக்கிலிருந்து உறுதியான நிலை. அதிகாரமே இல்லாதவர் கொடுத்த மெமோ, விளக்கமே இல்லாத நீண்ட தாமதம், இப்படிச் சிலவற்றுக்குத்தான் விலக்கு.

தண்டனை உத்தரவுக்குப் பிறகு போனாலும் நீதிபதிகள் சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். விதிப்படி நடந்ததா, சாட்சியம் என்று ஏதாவது இருந்ததா, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு அதிகமா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். அதனால்தான் தபால் முத்திரையைப் பற்றி அவ்வளவு நீட்டினேன். வென்றாலும் பெரும்பாலும் “குறை நேர்ந்த கட்டத்திலிருந்து மறுபடி விசாரி” என்றுதான் உத்தரவு வரும். இதை வக்கீல்கள் முதல் நாளே சொல்வதில்லை.

சஸ்பென்ஷன் இருந்தால்

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன் தானாகவே வந்துவிடும். மற்றபடி அது தண்டனை இல்லை என்று சட்டம் சொல்கிறது. தெருவில் யாரும் அப்படி நினைப்பதில்லை. பிழைப்பூதியம் தொடக்கத்தில் பாதிச் சம்பள விடுப்புக்கு என்ன வருமோ அந்த அளவு, அதற்கு அகவிலைப்படி உண்டு. இழுபறி உங்களால் இல்லையென்றால் பிறகு கூட்டித் தர வேண்டும். மாதாமாதம் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை என்று சான்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் பில் போடாமல் வைத்துவிட்டு, பழியை உங்கள் மேல் போடுவார்கள். தலைமையிடத்தை விட்டு அனுமதியில்லாமல் போகாதீர்கள். மாசி மகமோ மகள் வீட்டு விசேஷமோ, ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அதற்கு இன்னொரு மெமோ வரும்.

மெமோவே தராமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனில் வைக்கக் கூடாது என்று 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் சொன்னதை எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தொண்ணூற்றோராம் நாள் தானாக வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதை மேற்கோள் காட்டி மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அப்போது மதுரைக்குப் போங்கள்.

லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு கூடவே ஓடினால் துறை விசாரணையில் வாயைத் திறக்கும் முன்பே வக்கீலைப் பாருங்கள். இரண்டும் ஒரே சம்பவம், சிக்கலான சட்டக் கேள்வி என்றால் துறை விசாரணையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். 1999-இல் பால் ஆண்டனி வழக்கு அதற்கு ஆதாரம். விடுதலை ஆனால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம், அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், இங்கே அவ்வளவு வேண்டியதில்லை. தண்டனை ஆனால், மேல்முறையீட்டில் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது வேலையைக் காப்பாற்றாது. நம் மாநிலத்து நாகூர் மீரா வழக்கு, 1995.

எல்லாம் முடிந்து ‘மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்ற ஆணை வந்துவிட்டால் இன்னும் மூன்று வேலை பாக்கி. சஸ்பென்ஷன் காலத்தைப் பணிக்காலமாக முறைப்படுத்தி அடிப்படை விதி 54பி-யின் கீழ் ஆணை கேட்டு விண்ணப்பியுங்கள்; அது இல்லாமல் நிலுவைச் சம்பளம் வராது. நின்றுபோன ஊதிய உயர்வுகளுக்கும், தள்ளிப்போன பதவி உயர்வுப் பட்டியலை மறுபரிசீலனை செய்து உங்கள் பெயரை உரிய இடத்தில் சேர்க்கவும் தனித்தனி மனு கொடுங்கள். ஒரே மனுவில் மூன்றையும் எழுதினால் ஒவ்வொரு மேசையும் அது அடுத்த மேசையின் வேலை என்று தள்ளும். பிறகு பணிப்பதிவேட்டைப் பார்வையிடக் கேட்டு, கைவிடப்பட்ட பதிவு உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மெமோ வந்த பதிவைச் சிவப்பு மையில் அன்றே எழுதிவிடுவார்கள்; கைவிட்ட பதிவு பல பேருக்கு ஓய்வூதியப் பிரேரணை போகும் நாள் வரை ஏறியிருக்காது.